புற்றுக் கட்டியின் இரத்த நாளங்களும் தடுப்பூசி முயற்சிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



வைத்திய சாஸ்திரத்தில் ஏதேனும் ஒரு பகுதியைப் பற்றி, அதில் பயிலாதவரும் பொருள் உணரும் வண்ணம், தமிழிலேயே பேச வேண்டும் என்பது இவ்வறக்கட்டளையை நிறுவிய பெரியவர் விதித்த நிபந்தனை என்று அறிகிறேன். நிபந்தனை எனக்கு உவப்பானதே, ஆயினும் எளிதானதன்று. ஏனெனில் நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், கடந்த கால் நூற்றாண்டாக உலகின் பல ஆராய்ச்சிக்கூடங்களில் நிகழ்ந்து, எலிகளிடத்தில் வியக்கத்தக்க வெற்றியையும் மனிதரிடத்தில் பெரும்பாலும் ஏமாற்றத்தையும் கண்ட ஒரு முயற்சி. வென்ற மருந்தைப் புகழ்வதும் எளிது. தோற்ற மருந்தை இகழ்வதும் எளிது. பாதி வழியில் நிற்கும் ஒரு கருத்தை, அதன் தகுதிக்குக் கூடாமலும் குறையாமலும் நிறுத்துப் பார்ப்பதுதான் சிரமம். அந்தச் சிரமத்தை இன்று மாலை உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

தடுப்பூசி என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது, நோய் வருமுன் குழந்தையின் கையிலோ தொடையிலோ போடப்படும் ஊசி. புற்றுநோய் விஷயத்திலும் அத்தகைய ஊசிகள் உண்டு. கல்லீரல் புற்றுக்கு வழிகோலும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கும், கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமாகும் எச்.பி.வி. கிருமிக்கும் எதிராகப் போடப்படுபவை அவை. அவற்றின் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. நான் பேசப்போவது அவற்றைப் பற்றியன்று. நோய் வந்த பிறகு, நோயாளியின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பி அந்நோயின்மீது ஏவிவிடும் நோக்கத்துடன் தயாரிக்கப்படும் சிகிச்சைத் தடுப்பூசிகள் வேறொரு இனம். அவற்றுள்ளும், புற்றுச் செல்களைத் தொடாமல், அச்செல்களுக்கு உணவும் பிராணவாயுவும் கொண்டுசெல்லும் இரத்த நாளங்களைத் தாக்க முனையும் ஒரு சிறு கிளைதான் இன்றைய விஷயம்.

நம் புறப்பொருள் இலக்கணத்தில் உழிஞை என்றொரு திணை உண்டு. பகைவனது மதிலை வளைத்து முற்றுகையிடுவது. அறுவைச் சிகிச்சையும் கதிர் வீச்சும் நச்சு மருந்துகளும் மதிலுக்குள் புகுந்து வாள் வீசுவன என்று கொண்டால், நாளங்களைத் தாக்கும் முறை மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே செல்லும் நீரையும் தானியத்தையும் அடைப்பது எனலாம். இந்த உவமை ஓரளவுக்கே செல்லும். இங்கே கோட்டைக்குள் நீர் கொண்டுசெல்பவர்கள் பகைவர் அல்லர். நம் ஊராரே, நம் சரீரத்தின் சொந்தச் செல்களே, ஏமாற்றப்பட்டு அந்த ஊழியத்தைச் செய்கின்றனர். இந்த ஆராய்ச்சியின் ஆசைகளும் ஆபத்துகளும் ஒருங்கே இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இக்கருத்தின் பிதா ஜூடா போக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். 1933இல், ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், யூத மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர். நோயாளிகளைக் கண்டு ஆறுதல் கூறத் தந்தை ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது உடன் சென்ற சிறுவன், பிரார்த்தனை செய்வதோடு நில்லாமல் கையாலும் ஏதேனும் செய்ய வேண்டும் என்று மருத்துவனானான் என்பர். 1960ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கக் கடற்படையின் பணிக்கு அழைக்கப்பட்டு, பெதஸ்டா நகரிலிருந்த கடற்படை மருத்துவ நிலையத்தில் அமர்த்தப்பட்டார். நெடுநாள் கடலில் திரியும் கப்பல்களில் இரத்தத்தைக் கெடாமல் வைத்திருக்க இயலாதாகையால், அதற்கு மாற்றாக ஒரு திரவம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருக்கும் பிரெடரிக் பெக்கர் என்ற சக மருத்துவருக்கும் இடப்பட்ட வேலை. அவர்கள் முயலின் தைராய்டுச் சுரப்பியைத் தனியே எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, ஹீமோகுளோபின் கரைசலை அதன் நாளங்களினூடே ஓடவிட்டு உயிரோடு காத்தனர். அந்தச் சுரப்பியில் புற்றுச் செல்கள் வளருமா என்று பார்ப்போமே என்ற ஆவலால் சில செல்களை அதில் இட்டபோது, அவை வளர்ந்தன. ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவு வந்ததும் அத்தனை கட்டிகளும் அப்படியே நின்றுவிட்டன. நின்றவை செத்தும் போகவில்லை. அவற்றையே எடுத்து உயிருள்ள எலியின் உடலில் வைத்தபோது மளமளவென்று பெருத்தன. எலியின் உடலில் இருந்ததும் கண்ணாடிக் கலத்தில் இல்லாததும் எது? கட்டிக்குள் புதிய இரத்தக் குழாய்கள் புகுந்திருந்தன என்பதே விடையாக வந்தது.

பிராணவாயு இரத்தக் குழாயிலிருந்து திசுக்களுக்குள் ஊடுருவிச் செல்லக்கூடிய தூரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் என்பதை நினைவிற்கொண்டால், குழாயில்லாத கட்டி ஏன் கடுகளவில் நின்றுவிடுகிறது என்பது விளங்கும். போக்மன் இதை அடிப்படையாகக் கொண்டு, 1971ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுக் கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அண்டையிலுள்ள நாளங்களைத் தன்பால் வளரச் செய்கிறது என்றும், அந்தப் பொருளைத் தடுத்தால் கட்டியும் தடுக்கப்படும் என்றும் அவர் வாதித்தார். அக்காலத்து அறிஞர் பலர் இதனைச் சிரித்துத் தள்ளினர். கட்டியைச் சுற்றிச் சிவந்து காணப்படும் நாளங்கள் வீக்கத்தின் அடையாளமே என்பது அவர்கள் அபிப்பிராயம். ஆராய்ச்சிக்கு அவர் கேட்ட மானியங்கள் சில மறுக்கப்பட்டன.

அவருடைய பதிலோ பரிசோதனை. முயலின் கருவிழிப் படலம் கண்ணாடிபோல் தெளிந்தது. இயல்பாக ஓர் இரத்தக் குழாய்கூட அதில் கிடையாது. அந்தப் படலத்தில் ஊசிமுனையால் ஒரு சிறு பை போலச் செய்து, அதனுள் புற்றுத் திசுவின் துணுக்கு ஒன்றை, ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்தார்கள். சில நாள் கழித்து உருப்பெருக்கியால் நோக்கியபோது, விழியின் வெள்ளைப் பகுதியிலிருந்து மயிரிழை போன்ற செந்நிறக் குழாய்கள் கிளம்பி, வேறு எத்திசையிலும் செல்லாமல், அத்துணுக்கை நோக்கியே நேராக ஊர்ந்து வருவது தெரிந்தது. குழாய் எட்டும் வரை வெளிறிக் கிடந்த துணுக்கு, எட்டிய பிறகு பருத்து விழிக்கு வெளியே பிதுங்கலாயிற்று. எதிர்க்கட்சியாருள் எத்தனை பேரை இது மாற்றியதோ, கண்ணால் கண்ட மாணவர்களை நிச்சயமாக மாற்றிற்று.

போக்மன் தேடிய பொருள் எது என்பதை வேறு இருவர்தாம் நிலைநாட்டினர். பாஸ்டன் நகரத்து ஹரால்டு டுவோரக்கின் குழுவினர், நாளங்களைக் கசியச் செய்யும் ஒரு புரதத்தை 1983இல் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தனர். 1989இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் நெப்போலியன் பெராரா, நாளங்களின் உட்படலச் செல்களைப் பெருகச் செய்யும் புரதம் ஒன்றைக் கண்டு அதற்கு வி.இ.ஜி.எஃப். என்று பெயரிட்டார். இரண்டும் ஒன்றே. இப்புரதத்துக்கான இரு மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டும் இல்லாவிட்டாலும் எலிக் குஞ்சு கருவிலேயே மாண்டுவிடுகிறது என்று 1996இல் தெரியவந்தது. உயிரினம் எவ்வளவு நுட்பமான அளவில் இதனைப் பயன்படுத்துகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. இப்புரதத்தைப் பற்றிப்பிடித்து முடக்கும் பெவசிசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து, அவாஸ்டின் என்ற வணிகப் பெயரில், பரவிவிட்ட பெருங்குடல் புற்றுக்காக 2004 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 813 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், வழக்கமான மருந்தோடு இதையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 20.3 மாதம், பெறாதவர்களுக்கு 15.6 மாதம். ஏறக்குறைய ஐந்து மாத வாழ்வு. முப்பத்துமூன்று ஆண்டுக் காத்திருப்புக்கு இது சிறிய பலன் என்பார் சொல்லட்டும். கருத்து மெய் என்பது அன்று மனித உடலிலேயே நிறுவப்பட்டது.

அதற்கு முன்பே ஒரு பெரிய ஆரவாரம் நிகழ்ந்து அடங்கியிருந்தது. போக்மனின் ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் ஓரைலி கண்டறிந்த ஆஞ்சியோஸ்டேடின், எண்டோஸ்டேடின் என்ற இரு இயற்கைப் புரதங்கள் எலிகளின் கட்டிகளைச் சுருக்கியதைப் பற்றி, 1998 மே 3ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் முதற்பக்கத்தில் எழுதியது. இரண்டாண்டில் போக்மன் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று விஞ்ஞானி ஜேம்ஸ் வாட்சன் கூறியதாகவும் அதில் இருந்தது. அந்த உரையாடலைப் பற்றிய தம் நினைவு வேறு என்று வாட்சன் பின்னர் அதே பத்திரிகைக்கு எழுதினார். அதற்குள், மருந்து தயாரிக்கவிருந்த சிறு கம்பெனியின் பங்கு 12 டாலரிலிருந்து 80 டாலருக்கு மேல் தாவிவிட்டது. மருத்துவமனைகளின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. எலிக்குப் புற்று வந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற அளவுக்குத்தான் போக்மன் உறுதி தந்தார். பத்திரிகையின் பரபரப்பைவிட அந்த அடக்கமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவர் 2008 ஜனவரியில், ஒரு மாநாட்டுக்குச் செல்லும் வழியில், டென்வர் விமான நிலையத்தில் காலமானார்.

மருந்து இருக்கையில் தடுப்பூசி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பெவசிசுமாப் உடலில் ஏறக்குறைய இருபது நாளில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை, நோய் முற்றும் வரை, சிரையில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் செலவோ குடும்பங்களை முறித்துவிடக்கூடியது. உடலே அந்த எதிர்ப்பொருளைச் செய்துகொள்ளுமாறு ஒரு முறை கற்பித்துவிட்டால், ஊசிகளின் எண்ணிக்கையும் செலவும் குறையும். இது ஒரு காரணம். இதனினும் ஆழமான காரணம் ஒன்றை ஜூலியானா டெனகாம்ப் என்ற பிரிட்டிஷ் கதிரியல் ஆய்வாளர் 1982இலேயே எடுத்துரைத்தார்: ஒரு நுண்குழாய் ஆயிரக்கணக்கான புற்றுச் செல்களுக்குச் சோறிடுகிறது, ஆகையால் எல்லாப் புற்றுச் செல்களையும் ஒன்றுவிடாமல் கொல்ல வேண்டியதில்லை, குழாயின் சில செல்கள் அழிந்தாலே போதும். அன்றியும், புற்றுச் செல் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது. இன்று ஒரு மருந்துக்குப் பணிவது நாளை அதனை மறுக்கும். நாளத்தின் உட்படலச் செல்லோ இயல்பான, நிலைத்த செல். மேலும் எதிர்ப்பு அணுக்கள் இரத்தத்தில் மிதந்து வருவன. கட்டியின் உட்புறத்துக்குள் புகுவது அவற்றுக்குக் கடினமாயினும், நாளத்தின் உட்சுவர் அவற்றின் முகத்தெதிரிலேயே இருக்கிறது. கேட்பதற்கு எத்துணை நேர்த்தியான தர்க்கம்! நேர்த்தியான தர்க்கங்களை நம் உடல் அவ்வளவாக மதிப்பதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். உட்படலச் செல் நிலைத்தது என்ற நம்பிக்கையையே, கட்டிகளின் நாளச் செல்களில் குரோமோசோம் பிறழ்வுகளைக் கண்ட க்யோகோ ஹிடா முதலியோர் 2004இல் அசைத்துவிட்டனர்.

பெருந்தடை என்னவெனில், தன் உடலைத் தானே தாக்கலாகாது என்று நம் எதிர்ப்பு மண்டலம் இளமையிலேயே பயிற்றப்பட்டிருக்கிறது. அந்தப் பயிற்சியை மீறச் செய்யாமல் நாளத்துக்கு எதிராகத் தடுப்பூசி போட முடியாது. இதற்கொரு சாதுரியமான வழியைச் சீனத்துச் செங்டு நகரில், சிச்சுவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெய் யூச்சுவானும் அவர் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் காட்டினர். பிரசவத்துக்குப் பின் எறியப்படும் மனிதத் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து உட்படலச் செல்களைச் சேகரித்து, இரசாயனத்தால் பதப்படுத்திக் கொன்று, எலிகளுக்கு ஊசியாகச் செலுத்தினர். மனிதச் செல் எலிக்கு அந்நியம். ஆகவே எலி அதனை எதிர்த்தது. ஆனால் மனிதனுடைய நாளமும் எலியுடைய நாளமும் பெரும்பாலும் ஒரே சாயல் உடையவை. ஆகையால் அந்த எதிர்ப்பு எலியின் சொந்தக் கட்டியின் நாளங்கள் மீதும் பாய்ந்தது. கட்டிகள் தளர்ந்தன, எலிகள் நீண்ட நாள் வாழ்ந்தன. இந்த முறையை ஜப்பானில் ஒன்பது நோயாளிகளிடம் முயன்று 2008இல் வெளியிட்டனர். வேறு சிகிச்சை எதற்கும் பணியாத மூளைக் கட்டி கொண்ட சிலரிடம் கட்டி சுருங்கியது என்றனர். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு எதையும் நிச்சயிக்க இயலாது. ஆயினும் ஆர்வம் பிறக்க அது போதும்.

அமெரிக்காவின் லாஹோயா நகரில், ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ரால்ப் ரைஸ்பெல்டும் ஆண்டிரியாஸ் நீத்தம்மரும் 2002இல் வேறு வழி சென்றனர். வி.இ.ஜி.எஃப். வந்து அமரும் இரண்டாம் ஏற்பியின் மரபணுவை ஒரு டி.என்.ஏ. வளையத்தில் பொருத்தி, அதை வலிமை குன்றிய சால்மோனெல்லா பாக்டீரியத்தின் முதுகிலேற்றி, எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தனர். டைபாய்டு ஜுரக் கிருமியின் உறவினமான அக்கிருமி, குடலோரத்து எதிர்ப்பு அணுக்களிடம் இந்த மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உடலின் எதிர்ப்பு அணுக்களுள் ஒரு வகையான டி செல்கள், அந்த ஏற்பியை மிகுதியாகத் தாங்கி நிற்கும் கட்டி நாளங்களைத் தாக்கின. காயம் ஆறுவது சற்றே தாமதித்தது. எலிகள் கருத்தரிப்பதில் குறையில்லை. இதன் மனித வடிவமே வி.எக்ஸ்.எம்.01 எனப்படுவது. பல்லாண்டுகளாக டைபாய்டுத் தடுப்புக்குக் கொடுக்கப்பட்டுவந்த டிஒய்21ஏ என்ற பாக்டீரிய இனத்தையே வாகனமாகக் கொண்டு, ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் முற்றிய கணையப் புற்றுள்ளோர்க்கு முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாள்களில் குடிக்கக் கொடுத்துச் சோதித்தனர். டி செல்கள் விழித்தெழுந்தன, கட்டியினுள் இரத்த ஓட்டம் சிலரிடம் குறைந்தது என்பதற்கு மேல் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பின்னர் மூளைக் கட்டியிலும் இதனை முயன்றனர்.

கியூபாவின் முயற்சியையும் குறிப்பிட வேண்டும். பெரிய கம்பெனிகளின் விலையுயர்ந்த எதிர்ப்பொருள்களை வாங்க வகையற்ற அச்சிறு நாட்டில், ஹவானாவின் மரபணுப் பொறியியல் மையத்தார், வி.இ.ஜி.எஃப். புரதத்தையே சற்று மாற்றிச் செய்து, மூளையுறைக் காய்ச்சல் கிருமியின் வெளிச்சவ்விலிருந்து எடுத்த துணைப்பொருளோடு சேர்த்து, சி.ஐ.ஜி.பி.-247 என்ற தடுப்பூசியை உருவாக்கினர். முதற்சோதனை 30 நோயாளிகளிடம், மூன்று அளவுகளில். எதிர்ப்பொருள்கள் தோன்றின, கடுமையான தீங்கு தோன்றவில்லை. வசதி குறைந்த தேசத்துக்குத் தடுப்பூசி என்ற வழி ஏன் கவர்ச்சியானது என்பதை நம் நாட்டவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இனி, ஜப்பானின் அனுபவத்துக்கு வருகிறேன். நான் மிகுதியும் சிந்தித்தது இதனைத்தான். இரண்டாம் ஏற்பியிலிருந்து ஒன்பது அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஒரு சிறு துண்டை எடுத்து, எல்பமோடைடு என்ற பெயரில், ஜெம்சிடபின் என்ற வழக்கமான மருந்தோடு சேர்த்து, அறுவைக்கு இயலாத கணையப் புற்று நோயாளிகளுக்குத் தோலடியில் செலுத்தினர். எச்.எல்.ஏ.-ஏ24 என்ற திசு வகை உடையவர்க்கே இது பயன்படும். ஜப்பானியருள் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வகையினர் என்பதால் அந்நாடு இதற்கு ஏற்ற களம். வகயாமா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 18 பேரிடம் நடந்த ஆரம்பச் சோதனை ஊக்கமளித்தது. பின்னர் 153 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, யாருக்கு எது என்று நோயாளியும் மருத்துவரும் அறியாவண்ணம் நடத்திய பெருஞ்சோதனையின் முடிவு: தடுப்பூசி பெற்றோரின் இடைநிலை ஆயுள் 8.36 மாதம், வெற்று ஊசி பெற்றோருக்கு 8.54 மாதம்.

இத்தோல்விக்குத் தடுப்பூசிக் கருத்தைக் குறைகூறுவோரோடு நான் உடன்படவில்லை. களத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தைத்தான் குறைகூறுவேன். கணையப் புற்று, நார்த்திசு அடர்ந்து, நாளங்கள் அருகியே காணப்படும் கட்டி. குறைந்த இரத்தத்தைக் கொண்டே பிழைக்கப் பழகியது. ஊசியை விடுங்கள், வி.இ.ஜி.எஃபை நேரடியாக முடக்கும் பெவசிசுமாபையே ஜெம்சிடபினோடு சேர்த்து 602 கணையப் புற்று நோயாளிகளிடம் அமெரிக்காவில் முயன்றபோது, இடைநிலை ஆயுள் 5.8 மாதம், சேர்க்காதவர்க்கு 5.9 மாதம் என்றே வந்தது. அம்முடிவு ஜப்பானியப் பெருஞ்சோதனைக்கு முன்பே மருத்துவ உலகு அறிந்தது. நாளத்தை அடைப்பதால் பயன் விளையாத இடத்தில், நாளத்தை அடைக்கும் தடுப்பூசியைக் கொண்டுபோய் நிறுத்தினர். வேறு மருந்தில்லாத நோய் என்ற இரக்கமும், அத்தகைய நோய்க்கு அனுமதி விரைவில் கிட்டும் என்ற வணிகக் கணக்கும் சேர்ந்து இந்தத் தேர்வைச் செய்வித்திருக்கலாம் என்பது என் ஊகம். மேலும், எட்டு மாதமே வாழ இருப்பவரின் களைத்த எதிர்ப்பு மண்டலத்திடம், மாதக்கணக்கில் முதிர வேண்டிய ஓர் எதிர்ப்பை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

நோய்க்கூறியல் மாணவர்கள் இங்கு இருக்கிறீர்கள். சிறுநீரகப் புற்றின் ஒரு மெல்லிய சீவலை, நாளங்களின் உட்படலத்தை மட்டும் பழுப்பாகக் காட்டும் சி.டி.31 சாயமிட்டுப் பாருங்கள். பக்கத்தில் அதே நோயாளியின் நோயற்ற சிறுநீரகச் சீவலை வையுங்கள். நோயற்றதில் நாளங்கள் வரிசையும் ஒழுங்குமாய், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துச் செல்லும். கட்டியில் அவை அங்கங்கே பருத்து, அங்கங்கே முட்டுச்சந்தாய் நின்று, சுவரில் விரிசல் விட்டு, போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் வந்த வழியே திரும்பும். இந்தக் கோளாற்றால் கட்டியினுள் திரவம் கசிந்து தேங்கி, அழுத்தம் ஏறி, மருந்தும் எதிர்ப்பு அணுவும் உள்ளே செல்லாமல் தள்ளப்படுகின்றன. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்று, பாஸ்டன் நகரில் பேராசிரியரான ராகேஷ் ஜெயின் 2001இல் ஒரு விபரீதம் போலத் தோன்றும் கருத்தைச் சொன்னார்: நாளத்தைத் தடுக்கும் மருந்து, தக்க அளவில், தக்க காலத்தில் கொடுக்கப்பட்டால், நாளங்களை அழிப்பதற்கு முன் அவற்றைச் சற்று ஒழுங்குபடுத்துகிறது, அந்த இடைவேளையில் பிற மருந்துகள் நன்றாக உட்புகும். இன்னொரு செய்தியும் இதனோடு சேர்த்தெண்ணத் தக்கது. கட்டியின் நாளச் சுவர், எதிர்ப்பு அணுக்கள் ஒட்டி இறங்குவதற்கு வேண்டிய ஒட்டுப்புரதங்களைக் குறைத்துக்கொள்கிறது என்பதை நெதர்லாந்தின் அர்யன் கிரிப்பியூன் 1990களில் காட்டினார். ஆகவே நாளத்தைத் திருத்துவது என்பது எதிர்ப்பு அணுக்களுக்கு வாசல் திறப்பதுமாகும்.

இக்கருத்துக்கு மருத்துவமனையில் சான்று கிடைத்துவிட்டது. எதிர்ப்பு அணுக்களின் கட்டுத்தளையை நீக்கும் அடிசொலிசுமாபையும் பெவசிசுமாபையும் இணைத்துக் கொடுத்ததில், கல்லீரல் புற்று நோயாளிகளுள் ஓராண்டு கடந்து வாழ்ந்தவர் நூற்றுக்கு 67.2; அதுவரை வழக்கிலிருந்த சொரபெனிப் என்ற மருந்தில் 54.6. இது 2020இல் வெளியாகி அவ்வாண்டே அனுமதியும் பெற்றது. நாளத் தடுப்பூசியின் எதிர்காலமும் இத்தகைய துணைப்பதவியில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. தனித்து நின்று கட்டியைப் பட்டினியிட்டுக் கொல்லும் என்ற பழைய ஆசையை விட்டுவிட வேண்டும். கல்லீரல், நுரையீரல், மூளை போன்ற இடங்களில் கட்டி புதுக்குழாய் எதையும் வளர்க்காமல், ஏற்கெனவே இருக்கும் குழாய்களை அணைத்துக்கொண்டே பரவக் கூடும் என்பதால், அந்த ஆசைக்கு ஆதாரமும் குறைவு.

எஞ்சியிருப்பது குறியின் கேள்வி. வி.இ.ஜி.எஃபும் அதன் ஏற்பியும் கட்டிக்கு மட்டும் உரியவை அல்ல. காயம் ஆறவும், மாதவிடாய்ச் சுழற்சி நிகழவும், கரு தங்கவும், சிறுநீரக வடிகட்டி செவ்வனே வேலை செய்யவும் அவை வேண்டும். பெவசிசுமாப் பெறுவோருக்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் சிறுநீரில் புரதம் இழிவதும் சிலருக்குக் குடல் துளைபடுவதும் இதனால்தான். மருந்து தீங்கு செய்தால் நிறுத்திவிடலாம். சில மாதங்களில் அது கரைந்துபோகும். உடலுக்கு ஒரு முறை கற்பித்துவிட்ட பகைமையை மறக்கச் செய்யும் வித்தை நம்மிடம் இல்லை. இதுவரையிலான மனிதச் சோதனைகளில் அத்தகைய விபரீதம் பெரிதாக நேரவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குத் தடுப்பூசியின் நற்குணம் காரணமா, வலிமைக்குறைவு காரணமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஆகவேதான், கட்டியின் நாளத்தில் மட்டும் தோன்றும் குறி ஒன்றைத் தேடுகிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிராட் செயின்ட் க்ராயும் பிறரும் 2000ஆம் ஆண்டில், பெருங்குடல் புற்றின் நாளச் செல்களையும் அதே குடலின் நல்ல நாளச் செல்களையும் பிரித்து ஒப்பிட்டு, கட்டி நாளத்தில் மிகுந்து காணப்படும் 46 மரபணுக்களை அடையாளம் கண்டனர்; அவற்றுள் பல, ஆறிவரும் காயத்திலும் தலைகாட்டின என்பதையும் மறைக்காமல் எழுதினர். அப்பட்டியலின் முதற்பெயரான டெம்1 மீது பென்சில்வேனியாவில் ஒரு டி.என்.ஏ. தடுப்பூசி செய்யப்பட்டு 2014இல் எலிகளில் நல்ல பலன் தந்தது. சுவீடனின் உப்சாலாவில், கரு வளர்ச்சிக்குப் பின் பெரும்பாலும் மறைந்து, கட்டி நாளங்களைச் சுற்றி மீண்டும் தோன்றும், பைப்ரோநெக்டின் என்ற புரதத்தின் துண்டு ஒன்றைக் குறிவைத்தனர். ஆம்ஸ்டர்டாமில் கிரிப்பியூன் குழுவினர் தேர்ந்தது விமென்டின். செல்லுக்கு உள்ளே எலும்புக்கூடு போல் இருக்கவேண்டிய இப்புரதத்தைக் கட்டி நாளங்கள் வெளியே கசியவிடுகின்றன. உள்ளே இருப்பதை எதிர்ப்பொருள் தொடமுடியாது, வெளியே வந்ததையே தொடும். இவர்கள் ஆய்வுக்கூட எலியோடு நில்லாமல், இயல்பாகவே சிறுநீர்ப்பைப் புற்று வந்த வீட்டு நாய்களுக்கு, அவற்றின் உடையவர்கள் சம்மதத்தோடு, இத்தடுப்பூசியைப் போட்டனர். நாய்களிடம் எதிர்ப்பொருள் தோன்றியது; அவற்றின் இடைநிலை ஆயுள் ஓராண்டைத் தாண்டியது என்று 2023இல் எழுதியிருக்கிறார்கள். ஒப்பிட்டது பழைய பதிவேடுகளோடு என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளேன். ஆயினும், ஊசியால் உண்டாக்கப்பட்ட கட்டியுள்ள இளம் எலியைவிட, வயதாகி, தானே நோய் கண்ட நாய், மனிதனுக்கு நெருங்கிய சாட்சி. இம்முயற்சிகளுள் என் நம்பிக்கை இந்த ஒன்றின்மீதே சற்று மிகுதி.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மருத்துவமனைகளில் நாள்தோறும் வெட்டி எடுக்கப்படும் வாய்ப் புற்று, கருப்பைவாய்ப் புற்று, இரைப்பைப் புற்றுக் கட்டிகளின் நாளங்களில் மேற்கூறிய குறிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதை எண்ணிப் பதிவு செய்வதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மெழுகுக் கட்டைகள் அலமாரியில் இருக்கின்றன, நுண்ணோக்கி இருக்கிறது. நாளை ஒரு தடுப்பூசி சோதனைக்கு வருமாயின், எந்த நோயில் அதனை முயல வேண்டும் என்று சொல்ல நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும். கணையத்தில் நேர்ந்தது மறுபடி நேரலாகாது.

பொதுமக்களாக வந்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. கட்டியின் இரத்த நாளங்களைக் குறிவைக்கும் தடுப்பூசி எதுவும் மனிதர்க்குரிய புற்றுநோய்ச் சிகிச்சையாக வழக்கத்துக்கு வரவில்லை. நான் கூறியவை யாவும் சோதனை நிலையில் உள்ளவை. முறையான சோதனையில் சேருபவரிடம் மருந்துக்கு விலை கேட்கும் வழக்கமும் இல்லை. அத்தகைய தடுப்பூசி கைவசம் இருக்கிறது, பணம் கட்டினால் போடுகிறோம் என்று எவரேனும் உங்களிடம் வந்தால், பணத்தையும் கொடுக்க வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையையும் நிறுத்த வேண்டாம்; உங்கள் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்.